வரிசையின் கடைசி இடம்: புலம்பெயர் நாடுகளில் தப்கே ஆட்டம் கற்பித்தல்



நாட்டார் ஆட்டங்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு பொழிவு நிகழ வேண்டும் என்பது இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். நம் ஊர் ஆட்டங்களைப் பற்றி இந்த மேடையில் பலர் ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். இன்று நான் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையைச் சேர்ந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் தப்கே. லெபனான் மலைக்கிராமங்களின் கல்யாண வீடுகளில் வளர்ந்த அந்த வரிசை ஆட்டம் இன்று சாவோ பாவ்லோவிலும் சிட்னியிலும் மொன்றியாலிலும் டியர்போர்னிலும் வாராந்தர வகுப்பாக நடக்கிறது. அந்த வகுப்புகளில் என்ன கற்பிக்கப்படுகிறது, என்ன விடுபடுகிறது என்பதே என் பொருள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்கேயின் அடிப்படை அடியை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் ஆண்டுகள் வேண்டும். புலம்பெயர்ந்த லெபனானியர் அடிகளை அரும்பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். வரிசையையும் அதே அக்கறையோடு காப்பாற்ற வேண்டும் என்றால், குழந்தைகளையும் பெரியவர்களையும் தனித்தனி அறைகளில் மட்டும் வைத்துக் கற்பிப்பது போதாது.

வரிசையின் அமைப்பு

ஆடுகிறவர்கள் தோளோடு தோள் உரச நெருங்கி நின்று கைகளைக் கோத்துக்கொள்கிறார்கள். வரிசை ஒரு திறந்த வளையமாக வளைந்து வலப்பக்கமாக நகர்கிறது. வலக்கோடியில் நிற்பவர் வரிசையின் தலைவர். லவ்வீஹ் என்று அவரை அழைப்பார்கள். அவர் கையில் மஸ்பஹா என்னும் மணிமாலையோ கைக்குட்டையோ சுழன்றுகொண்டிருக்கும். மற்றவர்கள் மாறாத அடியை வைத்துக்கொண்டிருக்க, அவர் துள்ளலாம், மண்டியிடலாம், வரிசையை விட்டு நடுவே வந்து தன் வித்தையைக் காட்டிவிட்டுத் திரும்பலாம்.

அவருக்கு அடுத்து நிற்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தவர்கள். பின்னே போகப் போகப் பழக்கம் குறைந்தவர்கள் இருப்பார்கள். கடைசியில் வந்து ஒட்டிக்கொள்பவர்கள் சிறுவர்கள், விருந்தாளிகள், நெடுங்காலம் கழித்து ஊர் திரும்பியவர்கள். கல்யாணக் கூட்டத்தில் யாரும் குழந்தைக்கு அடி எண்ணிச் சொல்லித் தருவதில்லை. குழந்தை ஓடிப்போய்க் கடைசி ஆளின் கையைப் பிடிக்கிறது. அந்தக் கை இழுக்கும் பக்கம் போகிறது, அந்தத் தோள் ஏறும்போது ஏறுகிறது. சில கல்யாணங்கள் கடந்தபின் அதன் கையைப் பிடிக்க இன்னொரு குழந்தை வந்துவிடும். இப்படி ஒவ்வோர் இடமாக முன்னேறி, என்றோ ஒருநாள் மணிமாலை அதன் கைக்கு வரும். கடைசி இடம்தான் தப்கேயின் பள்ளிக்கூடம்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஜ்விஸ் என்பது ஒட்டிக் கட்டிய இரண்டு நாணல் குழல்கள். வாசிப்பவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுத்து, இடைவெளியே விழாமல் ஊதுவார். தபல் என்னும் பெரிய மேளம் உடன் வரும். குழல்காரர் வரிசைக்கு எதிரே நடந்தபடி தலைவரின் கால்களைக் கவனித்து வாசிப்பார். தலைவர் வேகம் கூட்டினால் குழலும் கூட்டும், குழல் புதிய துணுக்கைத் தொடங்கினால் தலைவர் புதிய துள்ளலைத் தொடங்குவார். ஒருவரை ஒருவர் தூண்டும் இந்தப் பேச்சுதான் ஆட்டத்தின் உயிர்.

அடியைப் பார்ப்போம். பரவலாகக் கற்பிக்கப்படும் அடிக்கு ஆறு எண்ணிக்கை. இடக்கால் வலக்காலுக்கு முன்னே குறுக்காக விழும், வலக்கால் பக்கவாட்டில் நகரும். இதுவே இன்னொரு முறை நிகழும். பிறகு இடக்கால் காற்றில் உதைத்து, கடைசி எண்ணிக்கையில் தரையை அறையும். பாட்டின் தாளமோ பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை. தாளம் அறிந்த இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை: முதல் சுற்று தாளத்தின் முதல் எண்ணிக்கையில் தொடங்கினால், அடுத்த சுற்று மூன்றாம் எண்ணிக்கையில் தொடங்கும். பன்னிரண்டு எண்ணிக்கை கடந்தபின் காலும் தாளமும் மறுபடி ஒன்றாகப் புறப்படும். அடுத்தடுத்த அறைகள் தாளத்தின் வெவ்வேறு இடங்களில் விழுவதால்தான் எளிய அடி அலுக்காமல் மணிக்கணக்கில் ஓடுகிறது.

மண்கூரையும் மேடையும்

தப்கே எப்படிப் பிறந்தது என்பதற்கு லெபனானியர் எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பழைய கிராம வீடுகளின் கூரை தட்டையானது. மரத்துலாங்களின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியிருப்பார்கள். பருவம் மாறும்போது மண் வெடிக்கும். மழைக்கு முன்னால் அதை மிதித்து இறுக்க வேண்டும். வீட்டுக்காரர் அழைத்தால் அக்கம்பக்கத்தார் கூரையேறி, கைகோத்து, ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். இந்தக் கூட்டுழைப்புக்கு அவ்னே என்று பெயர். தல்ஊனா என்னும் புகழ்பெற்ற பாட்டுவகையை இதனோடு இணைத்துச் சொல்வார்கள். பின்னால் கூரையை இறுக்கக் கல்லுருளை வந்தது, பிறகு சிமெண்டு வந்தது. மிதி மட்டும் கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் இடம்பெயர்ந்தது. இதற்கு ஆவணச் சான்று கேட்பவர்கள் கேட்கலாம். நம் பொருளுக்கு முக்கியமானது, அந்த மக்கள் தங்கள் ஆட்டத்தை அக்கம்பக்கத்தார் உதவியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஆட்டம் மேடை ஏறியது. பெக்கா சமவெளியில் ரோமானியக் கோயில்களின் இடிபாடுகள் நிற்கும் பால்பெக்கில் 1956இல் பன்னாட்டுக் கலைவிழா தொடங்கியது. 1957இல் அவ்விழாவில் முதன்முறையாக லெபனான் நாட்டார் நிகழ்ச்சி இடம்பெற்றது. பாடகி ஃபைரூஸும் இசையமைப்பாளர்களான ரஹ்பானி சகோதரர்களும் அந்தக் கோயில் தூண்களின் நடுவே தோன்றியது அந்த ஆண்டுதான். ஆட்டத்தை அமைத்தவர்கள் மர்வான் ஜர்ரார், வதீஆ ஜர்ரார் இணையர். சோவியத் நாட்டார் நடனக்குழுவை 1937இல் நிறுவிய இகோர் மொய்சேயெவின் மேடைமுறையை அவர்கள் மாஸ்கோவில் பயின்று வந்தவர்கள். பால்பெக்கைச் சேர்ந்த அப்துல் ஹலீம் கரகல்லா 1968இல் தொடங்கிய நடன அரங்கு, மார்த்தா கிரகாமின் நவீன நடனப் பயிற்சியையும் தப்கேயையும் இணைத்தது.

இந்தக் கலைஞர்கள் செய்தது பெரும்பணி. கிராமத்து ஆட்டம் என்று நகரத்தார் ஒதுக்கியதை நாட்டின் பெருமையாக்கினார்கள். அந்தப் பணியோடு சில மாற்றங்களும் வந்தன. வளையம் விரிந்து பார்வையாளர் பக்கம் முகம் திருப்பியது. எல்லாரும் ஒரே உயரத்துக்குக் கால் தூக்க வேண்டியிருந்தது. தலைவரின் தற்செயல் துள்ளல் ஒத்திகை பார்த்த துள்ளலாயிற்று. சர்வால் என்னும் தொளதொள காற்சட்டையும், மலைச் சீமாட்டிகள் ஒருகாலத்தில் அணிந்த தந்தூர் என்னும் கூம்புத் தலையணியும் சீருடையாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைவரிசைக்குக் கடைசி இடம் கிடையாது. அங்கே கற்றுக்குட்டி ஒட்டிக்கொள்ள முடியாது.

கடல் கடந்தவர்கள்

லெபனானியர் கடல் கடந்த வரலாறு நீண்டது. 19ஆம் நூற்றாண்டில் மலை லெபனானின் பொருளாதாரம் பட்டுநூலை நம்பியிருந்தது. பிரான்சின் லியோன் ஆலைகளுக்குப் போன அந்த நூல், கிழக்காசியப் பட்டின் போட்டியில் நலிந்தது. 1914க்கு முந்திய சில பத்தாண்டுகளில் மலை லெபனான் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். தமிழ் வாசகர்கள் நேசிக்கும் கலீல் ஜிப்ரான் அந்த அலையில் போன ஒரு சிறுவன். லெபனானின் ப்ஷர்ரியில் 1883இல் பிறந்தவர், 1895இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்துப் பெரும்பஞ்சமும், 1975 முதல் 1990 வரை நீண்ட உள்நாட்டுப் போரும், 2019இல் தொடங்கிய நிதிச் சரிவும், 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிப்பும் மேலும் பலரைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றின.

போன இடங்களில் அவர்கள் கூடினார்கள். அமெரிக்காவில் 1930களிலிருந்தே மஹ்ரஜான் என்ற பெயரில் திறந்தவெளி விழாக்களை நாள்கணக்கில் நடத்தினார்கள். பிரேசிலில் சங்கங்களும் மனமகிழ் மன்றங்களும் எழுந்தன. அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக 2016 முதல் 2018 வரை இருந்த மிஷெல் தெமேர் லெபனானியக் குடியேறிகளின் மகன். ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் லெபனானிய வம்சாவளி என்று பதிந்தவர்கள் 2.4 லட்சத்துக்கும் மேல்.

முன்னே போனவர்கள் கிராமத்து வரிசையைக் காலில் எடுத்துப் போனார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில், ஆட்டத்தைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்ற நிலை வந்தபோது, கையில் கிடைத்தது பெரும்பாலும் பால்பெக்கின் மேடை வடிவம். படச்சுருளிலும் ஒளிநாடாவிலும் பதிந்திருந்தது அதுதான். ஆகவே இன்றைய புலம்பெயர் வகுப்பில் இரண்டு தப்கேகள் சந்திக்கின்றன. ஒன்று பாட்டியின் முழங்காலில் இருக்கிறது, மற்றொன்று திரையில் இருக்கிறது. நல்ல ஆசிரியர் இரண்டுக்கும் இடம் தருகிறார்.

குழந்தைகளுக்குக் கற்பித்தல்

வகுப்பு நடக்கும் இடங்களைப் பாருங்கள். தேவாலயத்தை ஒட்டிய மண்டபம், பள்ளிவாசலின் சமூகக்கூடம், சனிக்கிழமை அரபுப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். பிள்ளைகள் ஆங்கிலமோ போர்ச்சுகீசோ பிரெஞ்சோ பேசியபடி வருகிறார்கள். அரபு புரியும், பேச வராது என்ற பிள்ளைகள் பலர். புரியவே புரியாது என்ற பிள்ளைகளும் உண்டு. மூன்று நான்கு தலைமுறை கடந்த பிரேசில் குடும்பங்களில் மொழி போய்விட்டது, சமையலும் தப்கேயும் நிலைத்திருக்கின்றன.

குழந்தைக்குத் தரையை அறைவது பிடிக்கும். அதைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது கையை. பக்கத்துப் பிள்ளையின் கையை இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. அவன் தடுமாறினால் தாங்க வேண்டும், தான் தடுமாறினால் அவனைக் கீழே இழுத்துவிடக் கூடாது. ஆகவே அனுபவமுள்ள ஆசிரியர் முதல் வகுப்பில் அடியே சொல்லித்தருவதில்லை. கைகோத்து நடக்க வைக்கிறார், நிற்க வைக்கிறார், மேளம் நின்றதும் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்களா என்று பார்க்கிறார். வரிசை ஓர் உடம்பாக நடக்கத் தெரிந்தபின் அடி தானாக ஒட்டிக்கொள்ளும்.

எட்டு எண்ணிக்கையில் நடனம் பழகிய பிள்ளைகளுக்கு ஆறு எண்ணிக்கைச் சுற்று முதலில் குழப்பம் தரும். பாட்டின் தொடக்கத்தில்தான் அடியும் தொடங்க வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். இங்கே சிலர் ஒரு குறுக்குவழியைத் தேடி, அடியை எட்டாக நீட்டிவிடுகிறார்கள். பாட்டோடு பொருந்தும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஆறும் நான்கும் உரசிப் பிறக்கும் அந்த ஓட்டம் செத்துவிடும். அந்தப் பிள்ளை வளர்ந்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகும்போது யார் கையையும் பிடிக்க முடியாது. கற்பதற்குக் கடினமாக இருக்கிறது என்பதற்காகக் குழந்தையிடமிருந்து ஆட்டத்தின் உயிரைப் பறிக்கும் உரிமை நமக்கில்லை. வாயால் தாளம் சொல்லி, கைதட்டி, காலை மெல்ல விடச்செய்தால், எண்ணாமலே அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்ததும் பாட்டோடு வந்து சேர்வார்கள்.

பெரியவர்களுக்குக் கற்பித்தல்

பெரியவர்கள் வேறு சுமையோடு வருகிறார்கள். முதல் வகையினர் வீட்டில் அரபு பேசி வளர்ந்தும் ஆட்டம் தெரியாதவர்கள். போர்க்காலத்தில் குழந்தையாக வெளியேறியவர்கள், கடையிலும் தொழிற்சாலையிலும் பெற்றோர் இரவுபகலாக உழைத்ததால் விழாக்களுக்கே போகாமல் வளர்ந்தவர்கள். கல்யாணங்களில் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியே பழகியவர்கள். இந்த வயதில் தெரியாது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். இரண்டாம் வகையினர் லெபனானியரை மணந்தவர்கள். மாமியார் வீட்டு விழாவில் வரிசையில் நிற்க வேண்டும் என்ற அன்பான ஆசை அவர்களை அனுப்புகிறது. மூன்றாம் வகையினர் ஆட்டத்தின் மேல் கொண்ட விருப்பத்தால் மட்டுமே வருபவர்கள்.

மூன்று வகையினரும் செய்வது ஒன்றுதான்: கீழே குனிந்து தம் காலையே பார்க்கிறார்கள். காலைப் பார்த்தால் தோள் முன்னே விழும், தோள் விழுந்தால் வரிசை வளையும். ஆசிரியர் அவர்களைத் தலை நிமிர்த்தி, பக்கத்திலிருப்பவரின் தோளை உணரச் சொல்ல வேண்டும். உடம்பையும் காக்க வேண்டும். கிராமத்து மண் மிதியை வாங்கிக்கொள்ளும். ஓடு பதித்த கான்கிரீட் தளம் அதை முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். மரத்தளம் தேடுவதும், முழங்காலை மடித்துப் பாதம் முழுவதும் பதியும்படி அறையக் கற்பிப்பதும், துள்ளலைப் பிந்தி வைத்துக்கொள்வதும் ஆசிரியரின் கடமை.

இவ்வளவும் செய்த பிறகும், பெரியவர்கள் மட்டுமே உள்ள வகுப்பில் ஒரு குறை தங்கிவிடும். அங்கே எல்லாரும் கற்றுக்குட்டிகள். பிடித்துக்கொள்ளத் தேர்ந்த கை ஒன்று பக்கத்தில் இல்லை. குழந்தைகள் மட்டுமே உள்ள வகுப்பிலும் இதே குறைதான். ஆசிரியர் ஒருவர், அவருக்கு இரண்டே கைகள். வயதுவாரியாகப் பிரித்து, கட்டணம் வாங்கி, ஆண்டிறுதி நிகழ்ச்சிக்குத் தயார்செய்யும் முறை பாலே பள்ளிகளிலிருந்து வந்தது. அந்தக் கலைக்கு அது பொருந்தும். வரிசை ஆட்டத்தில் அறிவு ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளை நடுவில் நிற்க, ஒருபுறம் அதன் தாத்தாவும் மறுபுறம் நேற்று சேர்ந்த மருமகளும் நிற்கும் வரிசையே தப்கேக்கு இயல்பான வகுப்பு.

இது யாருடைய ஆட்டம்

ஆசிரியர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. தப்கே லெபனானுக்கு மட்டும் உரியதில்லை. சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஜோர்தானிலும் ஈராக்கிலும் அது ஆடப்படுகிறது. யுனெஸ்கோ 2023இல் தன் கலாசார மரபுப் பட்டியலில் தப்கேயைச் சேர்த்தது, பாலஸ்தீனத்தின் மரபாக. லெபனான் என்ற நாட்டின் இன்றைய எல்லைகள் 1920இல் வரையப்பட்டவை. முதல் தலைமுறைக் குடியேறிகள் உதுமானியப் பேரரசின் ஆவணங்களோடு போனதால் தென்னமெரிக்காவில் அவர்களைத் துருக்கியர் என்றே அழைத்தார்கள். அவர்கள் காலில் ஏறிப் போன ஆட்டம் அந்த எல்லைகளைவிட மூத்தது.

இதைச் சொல்வதால் லெபனானியக் குழந்தையின் பெருமை குறையாது. பால்பெக்கில் ஆடும் அடிக்கும் வடக்கே அக்காரில் ஆடும் அடிக்கும் தெற்குக் கிராமங்களின் அடிக்கும் தனித்தனி நடை உண்டு. தன் ஊர் நடையைத் துல்லியமாக அறிந்த பிள்ளைக்கு அடுத்த ஊர்க்காரனின் நடையைக் கண்டு அச்சம் வராது. லெபனானில் சமயப் பிரிவுகள் அரசியலையே பங்கு போட்டிருக்கின்றன. பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போர் அண்டை வீட்டாரை எதிரிகளாக்கியது. புலம்பெயர் ஊர்களிலும் தேவாலயச் சங்கம் வேறு, பள்ளிவாசல் சங்கம் வேறு. அப்படிப்பட்ட மக்களிடம், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கேட்காமல் கை கோக்கும் ஓர் ஆட்டம் மிஞ்சியிருக்கிறது. இதை நான் மிகப்பெரிய செல்வமாக மதிக்கிறேன்.

செய்ய வேண்டியவை

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கும், நாட்டார் ஆட்டங்களைக் கற்பிக்கப் போகும் இங்குள்ள மாணவர்களுக்கும் நான் வலியுறுத்துவது மூன்று.

முதலாவது, எந்த வயதினர் வகுப்பாக இருந்தாலும் அதன் கடைசிப் பகுதியில் கதவைத் திறந்துவிடுங்கள். பிள்ளையை அழைத்துப் போக வந்த அப்பா, வாசலில் காத்திருக்கும் பாட்டி, அடுத்த வகுப்புக்கு முன்கூட்டியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் சேரட்டும். அடியைத் திருத்த வேண்டாம். தேர்ந்தவர்கள் முன்னே, புதியவர்கள் கடைசியில். அந்தக் கடைசி இடத்தை மதிப்புள்ள இடமாக நடத்துங்கள். தவறு செய்ய உரிமை உள்ள இடம் வரிசையில் அது ஒன்றுதான்.

இரண்டாவது, பதிவிசையோடு நின்றுவிடாதீர்கள். பதிவு யாருக்காகவும் வேகம் மாற்றாது. மிஜ்விஸ் வாசிப்பவர் எல்லா ஊரிலும் கிடைப்பது அரிது. தபலோ தர்பக்கே என்னும் கைமேளமோ தட்டத் தெரிந்த ஒருவர் கிடைப்பார், கிடைக்காவிட்டால் மாணவரில் ஒருவரைப் பழக்கலாம். மேளக்காரரும் வரிசைத் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போதுதான் ஆட்டத்தில் பேச்சு தொடங்குகிறது. அதோடு மணிமாலையைச் சுற்றுக்கு விடுங்கள். வெட்கப்படும் பெண்பிள்ளைக்கும், வயதான தொடக்கநிலையினருக்கும் ஒருமுறையாவது தலைமை கிடைக்கட்டும்.

மூன்றாவது, மேடையைக் கைவிட வேண்டாம், மேடையோடு முடிக்கவும் வேண்டாம். ஆண்டிறுதி நிகழ்ச்சி பிள்ளைகளுக்கு உழைப்பையும் ஒழுங்கையும் கற்றுத்தருகிறது. பால்பெக் கலைஞர்களின் சாதனையை அதன் வழியே அவர்கள் அறிகிறார்கள். ஆனால் சீருடைக்காரர்களின் ஆட்டம் முடிந்ததும் வரிசை படியிறங்கிப் பார்வையாளர் நடுவே வர வேண்டும். 2011இல் மொன்றியாலில் 4,475 பேர் ஒரே தப்கே வரிசையாக நின்று உலகச் சாதனை படைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லெபனானின் துஹூர் அஷ்-ஷுவைர் மலையூரில் 5,050 பேர் கைகோத்து அதை முறியடித்தார்கள். அவ்வளவு பேரும் தேர்ந்த ஆட்டக்காரர்களாக இருந்திருக்க முடியாது. கை நீட்டியவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டதால்தான் அந்த எண்ணிக்கை சாத்தியமாயிற்று. ஒவ்வொரு வகுப்பும் தன் அளவில் அதைச் செய்யலாம்.

ஓர் ஆட்டம் வாழ்கிறதா என்று அறிய அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரரைப் பார்த்தால் போதாது. அதில் இன்று புதிதாக நுழைய வருபவருக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு மண்டபங்களில், ஊதியம் எதிர்பாராமல் மாலை நேரங்களைக் கொடுத்து, முழங்கால் வலியோடு மேளம் தட்டிக்கொண்டிருக்கும் தப்கே ஆசிரியர்கள் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பணி நம் பாராட்டுக்கு மட்டுமன்றி, நம் படிப்புக்கும் உரியது. நாட்டார் ஆட்டங்களைப் பாடத்திட்டத்தில் வைக்கும் நம் பல்கலைக்கழகங்கள் அடிகளையும் பாட்டுகளையும் தொகுப்பதோடு, அவை எந்த இடத்தில் நின்று, யார் கையைப் பிடித்துக் கற்கப்பட்டன என்பதையும் தொகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.